காரைக்குடியில இருந்து கோலாலம்பூர்: "நாலு மணி நேரம்"ங்கிறத நம்பி கிளம்பாதீங்க

எங்க ஆத்தாவுக்கு வயசு 68. தங்கச்சி மலேசியாவுல, கோலாலம்பூர் பக்கம் கிள்ளான்ல இருக்கா, ரெண்டாவது பிரசவம், அதனால ஆத்தாவ அங்க கொண்டுபோய் விடணும்னு நான் டிக்கெட் போட்டேன். நெட்ல தேடுனா திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் நாலு மணி நேரம்னு வருது, நம்ம ஊர்ல இருந்து மெட்ராஸ் போறதுக்கே பல்லவன் ரயில்ல ஏழு மணி நேரம் ஆகுதே, இது என்ன பெரிய விஷயம்னு அசால்ட்டா இருந்துட்டேன். கடைசில முதல் டிக்கெட் அப்படியே பாழாப்போச்சு, ரெண்டாவது டிக்கெட்டுக்கு கிளம்புற அன்னைக்கு பாஸ்போர்ட் பக்கத்து வீட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு, திரும்பி வந்தப்ப அர்த்தராத்திரில ரெண்டரை மணி நேரம் ஏர்போர்ட் வாசல்ல குத்தவச்சு உக்காந்திருந்தோம். நம்ம பக்கத்துல இருந்து முதல் தடவையா போறவங்க, அதுலயும் வீட்டுப் பெரியவங்கள அனுப்புறவங்க, கீழ உள்ளத ஒருதடவ படிச்சிட்டு டிக்கெட் போடுங்க.

1. தூரக் கணக்கு, எந்த ஏர்போர்ட்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய ஓடுதளம் ஒண்ணு இருக்கு, ஆனா பயணிகள் ஃப்ளைட் எதுவும் அங்க வர்றதில்ல, அதனால நமக்கு திருச்சி, மதுரை, சென்னை மூணுதான்.

ஆகாசத்துல நேர்கோட்டுல பாத்தா திருச்சி-கோலாலம்பூர் சுமார் 2,690 கிலோமீட்டர். சென்னையில இருந்து சுமார் 2,630. அதாவது ஆகாசக் கணக்குல சென்னை 60 கிலோமீட்டர் கிட்ட. ஆனா ரோட்டுல காரைக்குடியில இருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல, திருச்சி ஏர்போர்ட் 90க்குள்ள முடிஞ்சிரும், ஏன்னா ஏர்போர்ட்டே புதுக்கோட்டை ரோட்டுலதான் இருக்கு, டவுனுக்குள்ள போகவே வேண்டாம். டிக்கெட் சென்னையில ஆயிரம் ரெண்டாயிரம் கம்மியா இருக்குனு ஆசப்பட்டு அங்க போட்டீங்கன்னா, ரயில் டிக்கெட், ஒரு வேள சாப்பாடு, எழும்பூர்ல இருந்து மீனம்பாக்கம் போற ஆட்டோ எல்லாம் சேத்து அந்த லாபம் காணாமப் போயிரும். பெரியவங்களோட போனா அலைச்சல் வேற.

சிங்கப்பூர் போறவங்களுக்கும் இதே கணக்குதான், திருச்சியில இருந்து சுமார் 2,980 கிலோமீட்டர், கால் மணி அர மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். ஆனா பேப்பர் விஷயத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, அது கீழ வருது.

நேர் ஃப்ளைட் மட்டும் பாருங்க. கொழும்பு வழியா, சென்னை வழியானு விலை கம்மியா காட்டும், மொத்த நேரம்னு ஒரு இடத்துல சின்ன எழுத்துல 11 மணி, 14 மணினு போட்டிருக்கும், அத மொதல்ல பாருங்க. ரெண்டு ஃப்ளைட்டும் தனித்தனி டிக்கெட்டா இருந்தா இன்னும் மோசம், முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவத விட்டுட்டா யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க, நடுவுல பெட்டியவும் நீங்களே எடுத்து திருப்பிப் போடணும்.

2. பறக்குற நேரம் வேற, கடிகாரம் காட்டுறது வேற

இந்த ரூட்ல ஓடுற ஃப்ளைட் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்துல பறக்கும்னு வச்சுக்கங்க. 2,690அ 830ஆல வகுத்தா மூணேகால் மணி நேரம். அப்புறம் எப்படி நாலு மணி ஆகுதுன்னா, டிக்கெட்ல போடுற நேரம் ஃப்ளைட் நின்ன இடத்துல இருந்து நகர்றதுல ஆரம்பிச்சு அங்க போய் நிக்கிறது வரைக்கும். ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்கும்போது வேகத்தக் குறைச்சு சுத்திக்கிட்டு வர்றது, இதெல்லாம் சேந்துதான் நாலு. காத்தும் ஒரு காரணம். ஆடி மாசம் மாதிரி தென்மேற்குப் பருவக்காத்து நேரத்துல நம்ம தலைக்கு மேல ரொம்ப உயரத்துல கிழக்குல இருந்து பலமா காத்து அடிக்கும், அதனால போகும்போது கொஞ்சம் இழுக்கும், வரும்போது தள்ளிவிடும்.

இப்ப குழப்பம் எங்கன்னா, மலேசியா நேரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. டிக்கெட்ல கிளம்புற நேரம் நம்ம ஊர் நேரம், இறங்குற நேரம் அந்த ஊர் நேரம். உதாரணத்துக்கு ராத்திரி 00:25க்கு கிளம்பி காலையில 07:00க்கு இறங்கும்னு இருக்கும். ஆறரை மணி நேரம் ஆகுதானு பதறாதீங்க, அதுல ரெண்டரையக் கழிங்க, நாலு மணி சொச்சம்தான். திரும்பி வரும்போது 22:20க்கு கிளம்பி 23:40க்கு திருச்சினு இருக்கும், ஒன்னேகால் மணி நேரத்துல வந்துருமானு எங்க அயித்தான் ஆச்சரியப்பட்டாரு, அதோட ரெண்டரையக் கூட்டுங்க, சரியா வந்துரும்.

போறதுக்குக் கழி, வர்றதுக்குக் கூட்டு. இத ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பாஸ்போர்ட் கவர்ல வச்சிருங்க.

3. அர்த்தராத்திரி தேதி: நான் டிக்கெட்ட தொலச்ச இடம்

இதுதான் முக்கியம், நிதானமா படிங்க. திருச்சியில இருந்து கிளம்புற ஃப்ளைட் பல ராத்திரியிலதான் இருக்கு. டிக்கெட்ல 14ஆம் தேதி 00:25னு இருந்தா, நீங்க ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டியது 13ஆம் தேதி ராத்திரி. நமக்கு மனசுல 13ஆம் தேதி படுத்து எந்திரிச்சாதானே 14, அதனால நான் 14ஆம் தேதி சாயங்காலத்துக்கு கார் சொல்லி வச்சிருந்தேன். அன்னைக்கு காலையில பலகாரம் எல்லாம் கட்டி முடிச்சிட்டு செக்கின் பண்ணலாம்னு போன எடுத்தா, ஃப்ளைட் போய் ஒம்போது மணி நேரம் ஆச்சுனு தெரியுது. ஆத்தா ஒண்ணுமே சொல்லல, "சரி விடப்பா, மாவு உருண்டை கெட்டுப்போவாது"னு மட்டும் சொன்னாக.

போன டிக்கெட்டுக்கு காசு திரும்ப வராது, கொஞ்சம் வரி மட்டும் கேட்டு வாங்கலாம், அதுக்கும் அலையணும். அதனால டிக்கெட் போட்ட அன்னைக்கே காலண்டர்ல ஃப்ளைட் தேதிய குறிக்காதீங்க, வீட்ட விட்டுக் கிளம்புற தேதியக் குறிங்க. தேதியோட கிழமையையும் சேத்து எழுதுங்க, "வியாழக்கிழம ராத்திரி 7 மணிக்கு கார்" அப்படினு. வீட்ல எல்லாருக்கும் அந்த ஒரு வரிதான் போகணும், டிக்கெட் பிடிஎஃப்ப வாட்ஸப்ல அனுப்புனா ஆளாளுக்கு ஒண்ணு புரிஞ்சுக்குவாங்க.

4. டிக்கெட்ல பேரு

பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே. ஆதார்ல இனிஷியலோட இருக்கும், பாஸ்போர்ட்ல இனிஷியல விரிச்சு அப்பா பேரு முழுசா இருக்கும், சிலருக்கு குடும்பப் பேரு கட்டம் காலியா இருக்கும். டிக்கெட் போடுற சைட்ல கடைசிப் பேரு இல்லாம விடாது, அதுக்காக வீட்ல கூப்பிடுற மாதிரி "ஆச்சி"னோ "செட்டியார்"னோ நீங்களா ஒண்ணு சேத்து வைக்காதீங்க, சிரிக்காதீங்க, நிஜமாவே எங்க சொந்தத்துல ஒருத்தவுக ஆச்சின்னு போட்டு பேரு மாத்த காசு கட்டுனாக. பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா அதையே ரெண்டு கட்டத்துலயும் போடணுமா வேற எதாவதானு கம்பெனிக்கு கம்பெனி மாறும், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அவங்க உதவிப் பக்கத்துல பாத்துருங்க.

5. பேப்பர் வேலை

பாஸ்போர்ட்: இருந்தா மொதல்ல காலாவதி தேதியப் பாருங்க, மலேசியாவுக்குள்ள நுழையிற நாள்ல இருந்து 6 மாசமாவது பாக்கி இருக்கணும். இல்லாதவங்க புதுசுக்கு 36 பக்க புக்குக்கு 1,500 ரூபாய், தட்கல்னா மேல 2,000. 60 வயசு தாண்டினவங்க புதுசா எடுத்தா 10 சதவீதம் கழிவு உண்டு, அது ரினியூவலுக்குக் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமெல்லாம் சிவகங்கை மாவட்டம், அதனால மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ். ராயவரம், அரிமளம், பொன்னமராவதின்னா புதுக்கோட்டை மாவட்டம், திருச்சி ஆபீஸ். இப்ப எங்க வேணா அப்ளை பண்ணலாம்தான், ஆனா போலீஸ் வெரிஃபிகேஷன் நீங்க குடுத்த அட்ரஸுக்குத்தான் வரும். நம்மாளுக பாதிப்பேருக்கு ஆதார் ஊர் வீட்டு அட்ரஸ்ல, ஆள் இருக்கிறது சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ. அங்க போலீஸ்காரர் வந்து பாத்தா ரெண்டு தெருவுக்கு நீண்டுகிடக்கிற வீடு, வாசல்ல பூட்டு, உள்ள புறா. ஆள் இல்லைனு எழுதிட்டுப் போயிட்டா மறுபடி முதல்ல இருந்து ஓடணும். வெரிஃபிகேஷன் முடியிற வரைக்கும் ஊர்ல இருங்க, இல்ல எங்க இருக்கீங்களோ அந்த அட்ரஸ மொதல்ல ஆதார்ல மாத்திட்டு அப்ளை பண்ணுங்க. இதுக்கு ஒரு மாசம் ஒதுக்கிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.

விசா: இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1ல இருந்து மலேசியாவுக்கு சுத்திப் பாக்கவோ சொந்தக்காரங்களப் பாக்கவோ போனா 30 நாளைக்கு விசா வேண்டாம். 2026 கடைசி வரைக்கும் இத நீட்டிச்சிருக்காங்க, நீங்க போற சமயத்துல ஒருதடவ சரிபாத்துக்கங்க. 30 நாள்னா 30 நாள்தான், ஒரு மாசம்னு நெனச்சு 31ஆம் நாள் திரும்புற மாதிரி டிக்கெட் போட்டுறாதீங்க, நான் பாதுகாப்புக்கு 27 நாள்ல போட்டேன். வேலை பாக்கிறதுக்கு இது செல்லாது. யாராவது "விசிட்ல வா, வந்ததும் பெர்மிட் மாத்திக்கலாம்"னு சொன்னா அந்த ஆள நம்பாதீங்க. பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு (வெளிநாடு போகும்போது இமிகிரேஷன்ல கூடுதலா சோதிக்கணும்ங்கிற குறிப்பு) இருக்கும், 50 வயசுக்கு மேல ஆனவங்களுக்கு அது தேவையில்ல, மத்தவங்க திரும்புற டிக்கெட்டையும் யாரு வீட்டுக்குப் போறோம்ங்கிற விவரத்தையும் கையில வச்சுக்கங்க, திருச்சி இமிகிரேஷன்லயே கேப்பாங்க.

எம்டிஏசி: இது டிஜிட்டல் அரைவல் கார்டு, மலேசியா போற ஒவ்வொருத்தருக்கும், கைக்குழந்தைக்கும் சேத்து, தனித்தனியா போடணும். இறங்குற நாளுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ளதான் போட முடியும், அதுக்கு முன்னாடி போட்டா எடுக்காது. மலேசிய இமிகிரேஷனோட சொந்த சைட்ல இலவசம். கூகுள்ல தேடுனா மேல வர்றது பல தனியார் சைட், அரசாங்க சைட் மாதிரியே இருக்கும், கடைசில ரெண்டாயிரம் மூவாயிரம் கேக்கும். காசு கேட்டாலே அது சரியான சைட் இல்ல, மூடிட்டு வெளிய வந்துருங்க. இறங்குற தேதி போடும்போது மேல சொன்ன அர்த்தராத்திரி விஷயத்த ஞாபகம் வச்சுக்கங்க.

சிங்கப்பூர்னா விசா கட்டாயம். அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் வழியா போடணும், அரசாங்கக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி. அரைவல் கார்டு அங்கயும் உண்டு, அங்கயும் இலவசம்தான்.

கையில பேப்பரா எடுத்துக்க வேண்டியது: போக வர டிக்கெட், எம்டிஏசி, தங்கச்சி வீட்டு அட்ரஸ், அவங்க ஐசி (மலேசிய அடையாள அட்டை) நகல், போன் நம்பர், கொஞ்சம் ரிங்கிட். எல்லாம் போன்லயே இருக்குனு விட்டுறாதீங்க, பெரியவங்க இமிகிரேஷன் வரிசையில நின்னுக்கிட்டு பாஸ்வேர்ட் தேட முடியாது.

6. பெட்டி

கம்மி விலை டிக்கெட்ல கையில 7 கிலோ மட்டும்தான், பெட்டிக்கு தனிக் காசு. டிக்கெட் போடும்போதே 20 கிலோவோ 25 கிலோவோ சேத்துருங்க, ஏர்போர்ட்ல போய் கட்டுனா கிலோவுக்கு கேக்குற காசுல இங்க ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துறலாம்.

நம்ம வீட்டுப் பலகாரத்துக்குனு சில விஷயம். சீடை, தேன்குழல், மணகோலம் இதெல்லாம் பெட்டியில போடலாம், டப்பாவுல போட்டு நடுவுல வைங்க, கவர்ல போட்டா தூளாத்தான் போய்ச் சேரும். மசாலாப் பொடி, மிளகாப் பொடி கைப்பையில வைக்கவே கூடாது, பெட்டிக்குள்ள போடுங்க. ஊறுகாயும் பெட்டியிலதான், எண்ணெய் கசியும், மூணு கவர் சுத்துங்க. கொப்பரை எங்கயும் கூடாது, தீப்பிடிக்கும்னு எடுத்துப் போட்டுருவாங்க. பச்சக் கறிவேப்பிலை, விதை, செடி, கறி வேண்டாம், கறிவேப்பிலை அங்கயே கெடைக்குது. கசகசா சிங்கப்பூர்ல தடை செஞ்ச பொருள், மலேசியாவுக்கும் கொண்டுபோகாதீங்க, நம்ம குருமாப் பொடியில அரைச்சிருப்போமே அதையும் சேத்துத்தான் சொல்றேன். பவர் பேங்க் மட்டும் கைப்பையில.

மாத்திரை 27 நாளைக்கு கணக்குப் பண்ணி அதுக்கு மேல ஒரு வாரம், டாக்டர் சீட்டோட, கைப்பையில. நகை நெறையா போட்டுட்டுப் போறவங்க போகும்போதே கஸ்டம்ஸ்ல காட்டி சர்டிஃபிகேட் எழுதி வாங்கிக்கங்க, இல்லனா வரும்போது இது இங்க வாங்குனதுதான்னு நிரூபிக்கிறது உங்க பாடு.

7. எங்களுக்கு ஆன செலவு

ஒரு ஆளுக்கு போக வர டிக்கெட் பெட்டியோட சேத்து 19,400 (ரெண்டாவது டிக்கெட், முதல் டிக்கெட்ட நான் கணக்குல சேக்கல, சேத்தா நெஞ்சு வலிக்குது). தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூட லீவுல இது டபுளா ஆகும். காரைக்குடி-ஏர்போர்ட் கார் 2,800, வழியில டோல்கேட் ரெண்டு, அது தனியா இல்ல சேத்தானு முன்னாடியே பேசிருங்க. ஒத்த ஆளா சின்னப் பெட்டியோட போனா காரே வேண்டாம், புதுக்கோட்டை வழியா திருச்சி போற பஸ்ல ஏறி ஏர்போர்ட் ஸ்டாப்ல இறங்கலாம், ஆனா 2024 ஜூன்ல இருந்து புது டெர்மினல்தான், ரோட்டுல இருந்து உள்ள போகணும், பெரிய பெட்டியோட நடக்க முடியாது.

8. கிளம்புற நாள்: பின்னாடியிருந்து எண்ணுங்க

00:25 ஃப்ளைட்னா, பெட்டி போடுற கவுன்டர் ஒரு மணி நேரம் முன்னாடி, 23:25க்கு மூடிருவாங்க. அதுக்கு அப்புறம் போய் கெஞ்சி பிரயோஜனம் இல்ல. வரிசை, வீல்சேர், இமிகிரேஷன் எல்லாம் பாத்தா 21:30க்கு அங்க இருக்கணும். ரோடு ரெண்டு மணி நேரம், பஞ்சர், டீ, திருமயத்துல பைரவருக்கு ஒரு கும்பிடு, இதுக்கு அர மணி நேரம். ஆக 7 மணிக்கு வீட்ட விட்டு வண்டி நகரணும், 7 மணிக்கு சாப்பிட உக்கார்றது இல்ல. மலேசியாவுல 7 மணிக்கு இறங்கி, இமிகிரேஷன், பெட்டி முடிய எட்டரை, அங்க இருந்து கிள்ளானுக்கு கார்ல ஒரு மணி நேரம், வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கையில அங்க 9:30 பத்து. நம்ம கணக்குல காலைல 7:30. ராத்திரி 7ல இருந்து காலைல 7:30, பன்னண்டரை மணி நேரம். இதுதான் அந்த "நாலு மணி நேரம்".

வீல்சேர் வேணும்னா 2 நாள் முன்னாடியே கம்பெனிக்கு சொல்லி டிக்கெட்ல ஏத்திருங்க. வெப் செக்கினும் வீட்லயே முடிங்க, கவுன்டர்ல பண்ணா காசு வாங்குற கம்பெனி உண்டு.

அப்புறம் நல்ல நேரம். ஆத்தாவுக்கு அன்னைக்கு சாயங்காலம் நேரம் சரியில்ல, அதனால காலைலயே நல்ல நேரத்துல பெட்டியக் கொண்டுபோய் பங்காளி வீட்ல பரஸ்தானம் வச்சாச்சு, அதாவது நல்ல நேரத்துலயே பயணம் கிளம்பிட்டதா கணக்கு. நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள பாஸ்போர்ட் இருந்துச்சு, அவுக பிள்ளையார்பட்டிக்கு வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டாக. 7 மணிக்கு கிளம்ப வேண்டிய வண்டி 8:10க்கு கிளம்புச்சு, டீயும் கெடையாது, பைரவரும் ரோட்டுல இருந்தே கும்பிட்டதோட சரி. பரஸ்தானத்துக்கு ஒரு சேலையும் வெத்தல பாக்கும் போதும், பாஸ்போர்ட் உங்க மடியில இருக்கட்டும்.

9. இறங்குனதும்

கோலாலம்பூர் ஏர்போர்ட்ல டெர்மினல் 1, 2னு ரெண்டு இருக்கு, ஏர் ஏசியா 2ல இறங்கும், பாட்டிக் ஏர் 1ல. கூப்பிட வர்றவங்ககிட்ட எதுனு மொதல்லயே சொல்லிருங்க. மாறி நின்னாலும் பயப்படாதீங்க, நடுவுல ரயில் ஓடுது, மூணு நிமிஷம். ஊருக்குள்ள போறவங்களுக்கு ஏர்போர்ட் ஒரு 55 கிலோமீட்டர் வெளிய இருக்கு, எக்ஸ்பிரஸ் ரயில்ல அர மணி நேரம், 55 ரிங்கிட், நம்ம காசுக்கு ஆயிரத்துக்கு மேல வந்துரும். பஸ் அதுல பாதிகூட இல்ல, ஒரு மணி நேரம் ஆகும். ஹோட்டல்ல தங்குனா ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியா வாங்குவாங்க, ஏமாத்துறாங்கனு சண்ட போடாதீங்க.

10. திரும்பி வர்றது

23:40க்கு திருச்சினு டிக்கெட்ல இருந்தா அது நம்ம ஊர் நேரம்தான். அதுல எதையும் கூட்டக்கூடாது, கழிக்கக்கூடாது. கூட்டுறது எல்லாம் எவ்வளவு நேரம் பறக்குறோம்னு தெரிஞ்சுக்க மட்டும்தான். வண்டிக்குச் சொல்றவங்ககிட்ட "ராத்திரி 11:40க்கு ஃப்ளைட் இறங்கும், பன்னண்டரைக்கு வெளிய வருவோம்"னு மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் சொல்லாதீங்க. நான் எங்க டிரைவர் தம்பிகிட்ட ரெண்டரை மணி நேர வித்தியாசத்த அழகா விளக்கிச் சொல்லிட்டேன், அந்தப் பையன் நல்ல பையன், 12:30ஓட ரெண்டரையக் கூட்டி மூணு மணிக்கு சரியா வந்து நின்னான்.